அடைக்க வேண்டியது கோழியை, காற்றை அல்ல

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் தினமும் எழும் கேள்வி ஒன்று உண்டு: "கோழியை அடைத்தாயிற்றா?" அம்மாவுக்கு முன்னால் பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார், இப்போது அம்மா கேட்கிறார். 'அடைப்பது' என்ற அந்தச் சொல்லை நான் அப்படியே நம்பிவிட்டேன். ஏழு வருடங்களுக்கு முன் முதன்முதலாக நானே ஒரு கோழிக்கூண்டு செய்தபோது நாலு பக்கமும் பழைய தகரம், மேலே தகரம், முன்னால் ஒரு சின்னக் கதவு. எலிகூட நுழையாது என்று பெருமை வேறு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரம், விடியற்காலையில் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். வெங்காயச் சாற்றைக் கண்ணில் பிழிந்ததுபோல் எரிந்தது. தகரத்தின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. கோழிகள் மூக்கு ஒழுக, பாதிக் கண் மூடி நின்றன. பத்தில் மூன்று அந்த மாதமே போயின.

மழை உள்ளே வரவில்லை, கீரியும் வரவில்லை. பிறகு எது கொன்றது? நோய்தான். ஆனால் அந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது நான் கட்டிய கூண்டு. வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்க நினைக்கிறவர்கள் பலரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்பதால், கூண்டு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர். கோழி இரவில் தூங்கும்போதும் எச்சமிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே நாள் முழுதும் போடுவதில் பாதியளவு, தூங்கும் இடத்துக்கு நேர் கீழே விழுகிறது. பத்துக் கோழி என்றால் ஒரே இரவில் அரைக் கிலோ. அதாவது இரண்டு டம்ளர் தண்ணீரை நாமே தினமும் கூண்டுக்குள் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிகள் விடும் மூச்சின் ஈரம் தனிக்கணக்கு.

எச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் பகுதி யூரிக் அமிலம். கோழி நம்மைப்போல் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை, அந்தக் கழிவுதான் இப்படி வெள்ளையாக வருகிறது. காய்ந்து கிடந்தால் அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஈரமாகக் கிடந்தால் நுண்ணுயிரிகள் அதை உடைத்து அம்மோனியா வாயுவாக மாற்றுகின்றன. என் கண்ணை எரித்தது அதுதான். நான் அரை நிமிடம் நின்றேன், கோழிகள் இரவு முழுதும் அதே காற்றைச் சுவாசித்தன. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அம்மோனியா முதலில் அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. பிறகு சாதாரணச் சளிகூடக் கோழியைக் கீழே தள்ளிவிடும்.

அம்மோனியாவுக்கு மருந்து கடையில் இல்லை. எச்சம் காய வேண்டும், ஈரக்காற்று வெளியேற வேண்டும். கோழியின் உடற்சூடு 41, 42 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டு வரும் காற்று சூடேறி, ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே போகும். கூரைக்கு அடியில் வழி இருந்தால் அப்படியே வெளியேறிவிடும். வழியில்லை என்றால் விடியற்காலையில் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகி, திரும்பவும் கோழியின் முதுகிலேயே சொட்டும். நான் பார்த்த முத்துக்கள் அப்படி வந்தவைதான்.

வெயில் காலத்திலும் கதை இதுதான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு தாங்காதபோது இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, வாயைத் திறந்து இரைக்கும். மூச்சோடு ஆவியாகிப் போகும் ஈரம்தான் அதற்குக் குளிர்ச்சி. உள்ளே ஏற்கெனவே புழுங்கிக் கிடந்தால் எவ்வளவு இரைத்தாலும் ஆவியாகாது. அக்கினி நட்சத்திரத்தில் அடைத்த கூண்டுக்குள் கோழி செத்துக் கிடப்பதற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை.

அப்படியானால் பாட்டி காலத்தில் திண்ணைக்கு அடியில் ஒரு மண்பொந்து வைத்து, பலகையால் மூடி, கல்லை முட்டுக் கொடுத்தார்களே, அந்தக் கோழிகள் எப்படிப் பிழைத்தன? இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. மண்சுவரும் நாட்டு ஓடும் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும், தகரம் விடாது. பொந்துக்குள் இருந்தவை நாலைந்து கோழிகள், மீதி வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளும். தவிர, அடுப்புச் சாம்பலை தினமும் உள்ளே கொட்டி மறுநாள் கூட்டி எடுத்தார்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சியது. நாம் அந்த வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மண்ணுக்குப் பதில் தகரத்தையும் நாலுக்குப் பதில் பதினைந்தையும் போட்டுவிட்டோம். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையைப் பாருங்கள். மூங்கில் சிம்புகளுக்கு நடுவே இடைவெளி விட்டுத்தான் பின்னுவார்கள். குஞ்சு வெளியே வராது, காற்று உள்ளே போகும். இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

திசை

கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். இதை வாஸ்து என்று நினைத்துச் சிரித்தவர்கள் உண்டு, காரணம் வெயில்தான். நம் ஊரில் உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது, அதைக் கூரை பார்த்துக்கொள்ளும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கும்போதுதான் பக்கவாட்டில் வெயில் நுழைகிறது. குறுகலான இரண்டு பக்கங்களைக் கிழக்கும் மேற்கும் பார்க்க வைத்து அவற்றைச் செங்கல்லாலோ பலகையாலோ அடைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நீளமான தென், வட பக்கங்கள் வலையோடு திறந்திருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதோடு வாடைக்காற்று. திறந்த வடபக்கத்தில் சாரல் அடிக்கும். அதற்காக அந்தப் பக்கத்தை நிரந்தரமாக அடைத்துவிடக் கூடாது. கோணிச்சாக்கையோ தார்ப்பாயையோ திரையாகக் கட்டுங்கள். திரையை எல்லாரும் மேலே கட்டிக் கீழே தொங்க விடுவார்கள். மாற்றிச் செய்யுங்கள்: கீழ் விளிம்பைக் கூண்டோடு ஆணியடித்து, மேல் விளிம்பைக் கயிற்றால் இழுத்து ஏற்றுங்கள். மழை நேரத்தில் முக்கால் உயரத்துக்கு ஏற்றினால் கோழியின் மேல் வாடை படாது, கூரைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி வழியாக ஈரக்காற்று போய்க்கொண்டே இருக்கும். கூரை விளிம்பு இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதிச் சாரல் அங்கேயே நின்றுவிடும். கூரையை நீட்டும் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இடம் மேடாக இருக்கட்டும். மரநிழல் நல்லது, ஆனால் கூரையைத் தொடும் கிளையை வெட்டிவிடுங்கள். அது மரநாய்க்குப் போட்டுக் கொடுத்த பாலம்.

பன்னிரண்டு கோழிக்கு ஒரு கூண்டு

பகலில் வெளியே மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் தங்கும் கோழிக்குத் தலைக்கு இரண்டு சதுர அடி போதும். பன்னிரண்டுக்கு 24 சதுர அடி, அதாவது ஆறடி நீளம் நாலடி அகலம். பகலிலும் வெளியே விட வழியில்லை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. முன்னால் வலை கட்டிய முற்றம் வேண்டும், கோழிக்குப் பத்துச் சதுர அடியாவது. நெருக்கடியில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். ரத்தம் கண்டுவிட்டால் மற்றவையும் அந்தக் காயத்தையே கொத்தும்.

தரையோடு கட்டுவதா, காலில் தூக்கிக் கட்டுவதா? எனக்கு இரண்டரை அடி உயரக் கால்களின் மேல் நிற்கும் கூண்டுதான் பிடிக்கும். அடித்தளத்தில் பலகைக்குப் பதில் முக்கால் அங்குல இடைவெளி விட்டு மரச்சட்டங்கள். எச்சத்தில் பெரும்பகுதி கீழே விழுந்துவிடும். அதை மண்வெட்டியால் இழுத்து எருக்குழியில் போட வேண்டியதுதான். கால்களின் நடுவில் தகரத்தைக் குடைபோல் கவிழ்த்துக் கட்டினால் எலி ஏறாது.

செலவு கட்டாது என்றால் தரையிலேயே கட்டலாம். அப்போது நெல் உமியையோ கடலைத்தோலையோ நாலு அங்குலத்துக்குப் பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் கொழுக்கட்டைபோல் நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி. ஈரமாகிப்போன உமியின் மேல் சுண்ணாம்புத்தூளைத் தூவும் வழக்கம் இருக்கிறது. கோழி உள்ளே இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்பு பட்டதும் ஈர எச்சத்திலிருந்து அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். நனைந்ததை அள்ளி வெளியே போட்டுவிட்டு, வெறுந்தரையில் சுண்ணாம்பு அடித்து, காய்ந்த பிறகு புது உமி போடுவதுதான் முறை.

சுவர் கீழே ஒன்றரை அடிக்கு அடைப்பு, அதற்கு மேல் கூரை வரை வலை. கூரைக்கு என் முதல் தேர்வு ஓடு. தென்னங்கீற்று குளுமைதான், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எலியும் பேனும் குடியேறும். தகரம்தான் கைவசம் இருக்கிறது என்றால் மேலே சுண்ணாம்பைக் கெட்டியாக அடித்து வெள்ளையாக்குங்கள். சித்திரை வைகாசிக்கு மட்டும் அதன் மேல் கீற்றைப் பரப்பலாம். கதவு உங்கள் கை கூண்டின் கடைசி மூலை வரை எட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். கை எட்டாத மூலையை யாரும் கூட்டுவதில்லை, நான் உட்பட.

தண்ணீர்ப் பாத்திரத்தையும் தீவனத்தையும் இரவில் உள்ளே வைக்க வேண்டாம். இருட்டில் கோழி தின்னாது, குடிக்காது. தீவனம் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும்.

வலை

கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பி வலையைத் தருவார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கோழியை உள்ளே வைக்கும், வேறு எதையும் வெளியே நிறுத்தாது. நாய் பல்லால் கிழித்துவிடும். தோட்டத்துக்கு வேலி கட்டும் பெரிய கண் வலையும் உதவாது. இரண்டாவது கூண்டில் நான் அதைத்தான் அடித்திருந்தேன். ஒரு நாள் காலையில் வலையோரம் இரண்டு பெட்டைகள் தலையில்லாமல் கிடந்தன. வலை கிழியவில்லை, தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்து, "மரநாய்" என்று ஒரே சொல்லில் முடித்தார். வெளியே ஏதோ அசைந்ததும் பயந்த கோழி வலையோரம் ஒண்டியிருக்கிறது, வலைக்கண் வழியாக மரநாய் கையை விட்டு இழுத்திருக்கிறது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் ஓடவும் முடியாது.

வாங்க வேண்டியது அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை. விலை கூடுதல்தான். எனக்கு அது மூன்று கோழி விலையில் முடிந்தது, இரண்டு கூண்டிலும் சேர்த்துப் போனவை ஐந்து. வலையைச் சின்ன ஆணியை வளைத்து அடிக்காமல், மேலே மரப்பட்டை வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். தரையோடு கட்டிய கூண்டு என்றால் சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து மண்ணைத் தள்ளி மூடுங்கள். பெருச்சாளியும் நாயும் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும், வலை தட்டியதும் விட்டுவிடும். நேராகக் கீழே புதைப்பதைவிட இது சுலபம்.

கோழி காணாமல் போனால் பழி முழுக்கக் கீரிமேல் விழுகிறது. கீரி பகலில் நடமாடும் பிராணி. இரவில் செத்த கோழிக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மத்தியானத்தில் முட்டையும் குஞ்சும் போனால் அதைச் சந்தேகிக்கலாம். பொறி வைக்கவும் அடிக்கவும் கிளம்பாதீர்கள், சட்டம் அதைப் பாதுகாக்கிறது. சந்து பொந்தை அடைப்பதுதான் நம் வேலை.

ஏறி உட்கார ஒரு கம்பு

நாட்டுக்கோழியின் மூதாதை காட்டுக்கோழி, இரவில் மரத்தில் தங்கும் பறவை. அதனால்தான் பொழுது சாய்ந்ததும் உயரமான இடத்தைத் தேடுகிறது. கூண்டுக்குள் கம்பு இல்லையென்றால் எச்சத்தின் மேலேயே படுக்கும்.

இரண்டு அங்குல அகலச் சட்டம், மேல் விளிம்புகளைச் சீவி உருட்டியது. அது போதும். கோழிக்கு ஒரு சாண் நீளம் கணக்கு. பன்னிரண்டு கோழிக்கு ஆறடிச் சட்டம் இரண்டு, நடுவில் ஓரடி இடைவெளி. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தால் அதற்காக ஒவ்வொரு மாலையும் சண்டை நடக்கும். தளத்திலிருந்து இரண்டடி உயரம் போதும். அசீல் போன்ற கனத்த கோழிகளுக்கு இன்னும் தாழ்வாக வையுங்கள், உயரத்திலிருந்து குதித்தால் பாதம் புண்ணாகும். இரும்புக் குழாய் வேண்டாம், வழுக்கும். மூங்கில் பரவாயில்லை, ஆனால் அதன் திறந்த முனைகளைக் களிமண்ணால் அடைக்காவிட்டால் உள்ளே பேன் குடியிருக்கும்.

முட்டையிட நாலைந்து பெட்டைக்கு ஒரு கூடை அல்லது ஓரடிச் சதுரப் பெட்டி. இருட்டான மூலையில், கம்பைவிடத் தாழ்வாக. கம்பைவிட உயர்ந்திருந்தால் அதிலேயே ஏறித் தூங்கி, முட்டையை எச்சத்தில் புரட்டிவிடும். அடைவைக்கும் கூடையில் மணல் பரப்பி, இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரும்பின் சங்கதியை விட்டுவிடுவோம், மணல் நிஜமாகவே வேலை செய்கிறது. முட்டைகள் உருளாமல் நிற்கும், 21 நாளும் சூடு ஒரே சீராகப் பரவும்.

ராத்திரியில் வருகிற இன்னொன்று

கோழி சரியாகத் தின்கிறது, நோய் தெரியவில்லை, ஆனால் கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, மாலையில் கூண்டுக்குள் போகவே மறுக்கிறது. பிடிவாதம் என்று நினைத்துத் துரத்தி அடைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் செம்பேன்தான். கடுகைவிடச் சிறியது. பகலில் மரச்சந்திலும் கம்பின் முனையிலும் பதுங்கி, இரவில் மட்டும் ஏறி ரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாததற்கு இதுதான் காரணம்.

இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய், வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் செந்நிறக் கோடு விழுந்தால் முடிவாகிவிட்டது. கம்புகளைக் கழற்றி வெயிலில் போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். சந்துகளில் வேப்பெண்ணெயைத் தூரிகையால் இறக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரத்தில் முட்டை பொரித்து அடுத்த தலைமுறை வந்துவிடும் என்பதால், ஏழாம் நாள் மறுபடியும், அதற்கடுத்த வாரம் இன்னொரு முறையும் செய்தாக வேண்டும். கம்புகளை ஆணியடித்து நிலையாக்காமல் கழற்றும்படி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கூண்டுக்குப் பக்கத்தில் மழை படாத இடத்தில் மணலும் சாம்பலும் கலந்து கொட்டி வைத்தால் கோழிகள் அதில் புரண்டு தம் பங்குக்குப் பேனைக் குறைத்துக்கொள்ளும்.

பழைய கூண்டு இருக்கிறதா

ஏற்கெனவே கூண்டு வைத்திருப்பவர்கள் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. நாளை விடியற்காலை, கோழியைத் திறந்துவிடுவதற்கு முன், குனிந்து உங்கள் மூக்கைக் கோழி தூங்கும் உயரத்துக்குக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாது. நெடி அடித்தால் கூரைக்கு அடியில் காற்றுக்கு வழி போதவில்லை, அல்லது கீழே ஈரம் நிற்கிறது. பெரும்பாலும் இரண்டும்தான்.

என் தகரக் கூண்டை நான் உடைக்கவில்லை. இரண்டு நீளப் பக்கங்களிலும் மேலிருந்து ஒன்றரை அடி வெட்டி எடுத்து, அரை அங்குல வலை அடித்தேன். வெட்டிய தகரத்தையே கூரை விளிம்பாக நீட்டிவிட்டேன். அரைநாள் வேலை. அடுத்த மழையில் தகரத்தின் அடியில் தண்ணீர் கோக்கவில்லை. இப்போது அது சந்தையிலிருந்து வாங்கி வரும் கோழிகளுக்கான தனி அறை. வெள்ளைக்கழிச்சல் போன்ற தொற்றுநோய் ஏதும் கூடவே வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் அங்கே வைத்திருந்து, பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்கிறேன். போன மாதம் வாங்கிய விடைக்கோழி ஒன்று கெடு முடிந்தும் வெளியே வராமல் அதிலேயே முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அம்மா மாலையில் அதையும் சேர்த்து எண்ணுகிறார்.